கையை எடுக்காதவர்கள்

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ருமியானாவைப் பற்றி முதலில் கேட்பது ஒன்றைத்தான். "அந்தம்மா ஏன் தன் கை மேலயே உட்கார்ந்திருக்காங்க?" அதையும் அவளிடம் கேட்க மாட்டார்கள், என்னிடம்தான் கேட்பார்கள். கிச்கா வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று ரூசே ஊர் முழுக்கப் பேர் வாங்கி வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். இந்த மாவட்டத்தின் தொலைபேசி, இணையம் எல்லாமே எங்கள் தரைத்தளத்தில் இருக்கிற ஒரு பெரிய ரூட்டர் வழியாகத்தான் போகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவள் ருமியானா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அதற்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றினாள். எவ்வளவு ஏறியது என்று காட்டித் திரையில் ஓடிய கோடு பாதியில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. இவளுக்குப் பொறுமை போய்விட்டது. என்னதான் ஆச்சு பார்ப்போம் என்று ஒரு விசையைத் தட்டினாள். அவ்வளவுதான், ரூட்டர் படுத்துக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்து ஊரே கால்பந்து இறுதியாட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் சந்தையில் மிளகாய் விற்கிற அம்மா இவளுக்கு மட்டும் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து, ஏற்றுகிற வேலை தொடங்கிவிட்டால் ருமியானா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். மூக்கு அரித்தால்கூட என்னைத்தான் சொறிந்துவிடச் சொல்வாள். நானும் சொறிந்துவிட்டிருக்கிறேன்.

அவள் அப்பா டான்யூப் ஆற்றில் இழுவைப் படகு ஓட்டினவர். அம்மா பழைய தொலைபேசி நிலையத்தில் நாளெல்லாம் காதில் குமிழை மாட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுத்தவள். புருஷன் வேலைக்கென்று வியன்னாவுக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். மகன் ஜெர்மனியில். "வாம்மா, இங்க இதே வேலைக்கு மூணு மடங்கு சம்பளம்" என்று அவன் கூப்பிடாத வருஷமில்லை. "அவங்க சோறு எனக்கு இறங்காதுடா" என்று சொல்லி போனை வைத்துவிடுவாள். சோறு இறங்காதாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? அவள் போகாததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வீட்டுக்கு வீடு வயசானவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் கழுத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும். மயக்கம் வந்தால், விழுந்தால், அதை அமுக்க வேண்டும். மேசை மேல் இருக்கிற சின்னப் பெட்டியிலிருந்து உதவி மையத்து நர்ஸின் குரல் கேட்கும், என்னம்மா செய்யுது என்று. அந்தக் குரல் போவதும் வருவதும் ருமியானாவின் ரூட்டர் வழியாகத்தான். அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் ஊரில் எந்தக் கிழவி கழுத்தில் அந்தப் பொத்தானைப் பார்த்தாலும் கிட்டப் போய், "நேத்து அமுக்கிப் பாத்தீங்களா, சத்தம் வந்துச்சா?" என்று கேட்பாள்.

போன வசந்தத்தில் ரூட்டரின் சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தது. திருடன் அதன் வழியாக உள்ளே நுழைந்தால் மாவட்டமே அவன் கையில். உடனே புதியதை ஏற்ற வேண்டும், ஆனால் ஒரு நொடிகூட எதுவும் நிற்கக் கூடாது. அதற்கு வழி இருக்கிறது. ரூட்டருக்குள் மூளை மாதிரி இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது பக்கத்தில் தயாராக நிற்கும். நிற்கிறதை முதலில் அணைத்து, புதியதை ஏற்றி, எழுப்பி, நடப்பதையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு வேலையை அதன் கைக்கு மாற்ற வேண்டும். மாறினது யாருக்கும் தெரியக் கூடாது. ஆபத்து எங்கே என்றால், இரண்டாவது எழுந்து வருகிறவரை ஒற்றை மூளைதான். அந்த நேரத்தில் அதற்கு ஏதாவது ஆனால் எல்லாம் போச்சு.

இந்த மாதிரி வேலையை எல்லோரும் ராத்திரியில்தான் செய்வார்கள். ருமியானா பகலில் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "ராத்திரி லைன் போச்சுன்னா யாருக்கும் தெரியாது. பகல்ல போச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரங்களாவது போய்க் கதவைத் தட்டுவாங்க" என்றாள். தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த எங்கள் மேலாளர் மோம்சில், முப்பது தாண்டின தம்பி, சட்டைக்கு இஸ்திரி கலையாதவன், "எப்ப பண்ணினா என்னக்கா, அதான் ஒரு நொடிகூட நிக்காதுன்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்திருக்கானே" என்று சிரித்தான்.

எழுதிக் கொடுத்தவன் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். அதை நான் சொல்லவில்லை, ருமியானாவின் முகமே சொன்னது.

வேலைக்குக் குறித்த நாள் காலையில் வாசல் காவலர் சாப்ரியன் அண்ணன் அவளை வழிமறித்தார். தலைக்கு மேல் மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெட்ரானாவுக்குக் குளிர்காலத்தில்தான் மாரடைப்பு வந்து போயிருந்தது. த்ருஷ்பா குடியிருப்பில், ஏழாவது மாடியில், பகலெல்லாம் தனியாக இருப்பாள். அவள் கழுத்திலும் பொத்தான்.

"ருமி, இன்னைக்கு அதைப் பண்றீங்களாமே. பெட்ரானாவோட பொத்தான் வேலை செய்யுமில்ல?"

"செய்யணும்ண்ணே."

"செய்யணும்னா? டிராலிபஸ்ல கம்பியை விட்டுக் கழி நழுவிச்சுன்னா வண்டி அங்கயே நின்னுடும். அது மாதிரியா?"

"அது மாதிரி ஆகாமப் பாத்துக்கத்தான் நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க இன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருங்களேன்."

"கேட்டேம்மா. ஒரு நொடிகூட நிக்காதுங்கறப்ப எதுக்கு லீவுன்னு தம்பி சொல்லிட்டார்."

எனக்கு வந்ததே கோபம். மோம்சிலின் அறைக்கே போய், "மனுசன் பயந்து போயிருக்கார், ஒரு நாள் விட்டா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்று கையை விரித்தான். ருமியானா காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரூட்டர் இருக்கிற கருவி அறைக்கு நடந்தாள். நானும் மோம்சிலும் பின்னாலேயே போனோம்.

என் வேலை இரண்டு. ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் நொடிக்கொரு முறை ரூட்டரைத் தாண்டி ஒரு கேள்வியை அனுப்புவோம், நொடிக்கொரு முறை பதில் வரும், ஒரு வரி. வரி தவறினால் லைன் போச்சு. இன்னொன்று, கைபேசியில் உதவி மையத்தோடு பேச்சைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அங்கே ஒரு பெண், குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் வயசு. வேலை நடக்கிறவரை தொடர்பிலேயே இருப்பதாகச் சொன்னாள்.

ருமியானா கட்டளையைத் தட்டினாள். இரண்டாவது கார்டின் விளக்கு அணைந்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கோடு ஊர ஆரம்பித்தது. என் திரையில் வரிமேல் வரி இறங்கிக்கொண்டிருந்தது. மோம்சில் எங்கள் பின்னால் நின்றபடி பேனாவைச் சொடுக்கிக்கொண்டே இருந்தான். பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

அப்போதுதான் சுவரில் இருந்த பெட்டி கத்தத் தொடங்கியது.

இந்த அறையின் தரை பலகைத் தரை. அடியில் ஈரம் உணரும் கேபிள் ஒன்று ஓடுகிறது. முன்பு ஒரு தடவை டான்யூப் பெருகி, அடித்தளத்தில் தண்ணீர் ஏறி, மின்சாரம் தாக்கி ஒருவர் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு போட்டது. கேபிளில் ஈரம் பட்டால் பெட்டி கத்தும். ஐந்து நிமிடத்துக்குள் காயவில்லை என்றால் சுவர் மின்சாரம், பேட்டரி எல்லாவற்றையும் அதுவே அறுத்துவிடும். பெட்டியின் சின்னத் திரையில் நேரம் குறையத் தொடங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கடியிலிருந்து தண்ணீர் வழிந்து, பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மோம்சில் கதவைத் திறந்தான். வெளியே சாப்ரியன் அண்ணன் நின்றிருந்தார். கையில் செப்புச் சொம்பு. சொம்பின் வாயில் ஒரு பூங்கொத்து செருகியிருந்தது. சொம்பு காலி.

எங்கள் ஊரில் பிள்ளை பரீட்சைக்குப் போனால், பையன் பட்டாளத்துக்குப் போனால், போகிறவர் காலடி முன்னால் வாசலில் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் போகட்டும் என்று. காலையில் சொம்பை நிரப்பிப் பூ தேடி வருவதற்குள் ருமியானா உள்ளே போய்விட்டாள். விடக் கூடாது என்று கதவு வாசலிலேயே முழுச் சொம்பையும் ஊற்றிவிட்டார் மனுசன். நான் பார்த்திருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன், நல்ல மனசு என்றுதான் நினைத்திருப்பேன்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று மோம்சில் கத்தினான். "உங்க பெண்டாட்டி பொத்தானோட சேத்து எல்லாத்தையும் அணைக்கப் போகுது அது!"

சாப்ரியன் அண்ணனின் முகம் வெளிறிவிட்டது. சொம்பு கையிலிருந்து நழுவிச் சத்தத்தோடு உருண்டது.

"பெட்டியை நிறுத்துங்க, சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்றான் மோம்சில்.

அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஈரம் இருக்கிறவரை பெட்டி கேட்காது. கேட்கவில்லை.

"அக்கா, நிறுத்துங்க. பழையதுக்கே திரும்பிடுவோம்" என்று ருமியானாவிடம் வந்தான்.

"திரும்பறதுக்கும் அதே நேரம் ஆகும் தம்பி. பாதியில தொட்டா இன்னும் மோசம்."

"அப்ப அந்த கேபிளை அறுத்துடறேன்."

"அறுத்தா அந்த நிமிஷமே கரண்ட் போயிடும். கதவை அகலத் திற. அண்ணனை உள்ள விடு." குரல் உயரவில்லை. கையும் எடுக்கவில்லை. ஆனால் அவள் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். "அண்ணே, கதவுக்கிட்ட இருக்கற பலகையைத் தூக்குங்க. கேபிளைத் தொடைச்சு எடுங்க."

சாப்ரியன் அண்ணன் முழங்காலில் விழுந்து பலகையைத் தூக்கினார். சட்டையைக் கழற்றி ஒற்றினார். மோம்சிலும் இஸ்திரிச் சட்டையோடு பக்கத்தில் மண்டியிட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். தேங்கின தண்ணீர் போய்விட்டது. ஆனால் அந்த கேபிளுக்கு மேலே நூல் நெய்திருக்கும், உறிஞ்சினதை விடாது. பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் போய்விட்டது. ருமியானாவின் கோடு முக்கால் தூரத்தில் வந்து நின்றது.

நின்றது, ஊரவில்லை. அவள் தொடை இறுகியது தெரிந்தது. கை அடியிலேயே இருந்தது.

"காயல ருமி, காயவே மாட்டேங்குது" என்றார் சாப்ரியன் அண்ணன், அழுகிற குரலில்.

"கொக்கியிலிருந்து கழட்டி மேல தூக்குங்க. ரூட்டரோட முதுகு உங்க பக்கம்தான் இருக்கு. அதுலேருந்து சூடாக் காத்து வருதில்ல? அதுக்கு நேரா பிடிங்க. ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிங்க, அசைக்காதீங்க."

அவர் கேபிளைக் கழற்றித் தூக்கி, அந்த மிஷின் விடுகிற அனல்காற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் அகற்றிப் பிடித்தார். ஈரத்துணி காயப் போடுகிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து கைபேசியில் மையத்துப் பெண் சொன்னாள். "கிச்கா அக்கா, ஒரு பொத்தான் வந்திருக்கு. பேசிட்டிருக்கோம். தயவு செஞ்சு இப்ப எதுவும் நின்னுடக் கூடாது."

"எங்கேருந்து?"

"த்ருஷ்பா, ஏழாவது மாடி. பெட்ரானான்னு ஒரு அம்மா. மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. ஆனா கதவு உள்ள பூட்டியிருக்கு, எழுந்து வர முடியாதாம். வேற சாவி யார்கிட்டன்னு கேக்கறோம், சொல்ல வாய் வரல."

கைபேசியைப் பொத்திக்கொண்டு ருமியானாவின் காதில் சொன்னேன். சொல்லும்போதே, "அவர்கிட்ட சொல்லாத ருமி. சொன்னா அதைப் போட்டுட்டு ஓடிடுவார். ஓடினா கரண்ட் போயிடும், பேச்சு அறுந்துடும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான் யோசித்தாள்.

"சாவி அவருக்குத்தான் தெரியும். கேளு."

"அவர் ஓடிட்டார்னா?"

"ஓட மாட்டார். கேளு."

"அண்ணே" என்றேன். "உங்க வீட்டு இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?"

சாப்ரியன் அண்ணன் கேபிளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்தக் கேள்வியை இப்போது எதற்குக் கேட்பார்கள் என்று அவருக்குப் புரியாமல் இருக்குமா? அவர் உடம்பு கதவுப் பக்கம் திரும்பியது. ஒரு கால் எழுந்தது. மோம்சில் பாய்ந்து கேபிளைப் பிடிக்கப் போனான்.

"தொடாதே" என்றார். "நீ அசைச்சிடுவே." பிறகு என்னிடம் சொன்னார். "அஞ்சாவது மாடி. வலது பக்கக் கதவு. ஸ்தாங்காகிட்ட இருக்கு. மணி அடிச்சா காது கேக்காது, கதவை ஓங்கித் தட்டச் சொல்லு."

கைபேசியில் நான் அப்படியே சொன்னேன். மையத்துப் பெண் ஆம்புலன்ஸுக்குச் சொன்னது கேட்டது.

"பேசிட்டிருக்காளா?" என்று கேட்டார். கை நேராகத்தான் இருந்தது. தோள்தான் குலுங்கியது.

"பேசிட்டிருக்காங்கண்ணே. நர்ஸ் கூடவே இருக்கா."

பெட்டி கத்தியது. என் திரையில் வரி இறங்கியது. பெட்டியில் கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது கத்தல் திடீரென்று நின்றது. மோம்சில் சாவியைத் திருப்பினான், இந்த முறை கேட்டது. சின்னத் திரை வெறுமையானது. சாப்ரியன் அண்ணன் அப்போதும் கேபிளைக் கீழே விடவில்லை.

"அண்ணே, போதும். நீங்க போங்க" என்றான் மோம்சில். "என் காரை எடுத்துக்கங்க."

"அந்தக் கோடு முடியட்டும்" என்றார் அவர்.

கோடு அசைந்தது. முதலில் கண் பொய் சொல்கிறதோ என்று நினைத்தேன். இல்லை, அசைந்தது. இரண்டாவது கார்டின் விளக்கு பச்சையானது. ருமியானா அப்போதுதான் வலது கையை மட்டும் எடுத்து ஒரே ஒரு கட்டளை தட்டினாள், வேலை புது மூளையின் கைக்கு மாறட்டும் என்று. என் திரையில் ஒரு வரி வந்தது. அடுத்த வரி வருவதற்குள் என் உயிரே போய்த் திரும்பியது. வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

"கதவு திறந்துட்டாங்க" என்றாள் மையத்துப் பெண். "ஆக்ஸிஜன் வச்சுட்டாங்க."

சாப்ரியன் அண்ணன் கேபிளைக் கீழே வைத்தார். கை இரண்டும் மடங்க மறுத்தன. பனியனோடு, மோம்சிலின் காரில், மோம்சிலே ஓட்ட, மருத்துவமனைக்குப் போனார். ருமியானா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பழைய மூளைக்கும் ஏற்ற வேண்டியது மிச்சமிருந்தது. கையை மறுபடி செருகிக்கொண்டு அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தண்ணீர் எப்படி வந்தது என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். லீவு கேட்ட ஆளுக்குத் தான் லீவு கொடுக்காததால் நடந்தது என்று மோம்சிலே சொன்னான். அதுவரை அவன் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அன்றோடு போனது. இப்போது கருவி அறைக் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது. வாழ்த்துத் தண்ணீர் தெருவாசலில் மட்டும். எழுதினது நான்தான்.

சில நாள் கழித்து நாங்கள் மூவரும் பெட்ரானாவைப் பார்க்கப் போனோம். மோம்சில் வாங்கின பூக்களை நான் எண்ணிப் பார்த்து, ஒற்றைப்படைதான் என்று உறுதி செய்துகொண்டேன். எங்கள் ஊரில் இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்குத்தான். பெட்ரானா தலையணையில் சாய்ந்திருந்தாள். குரல் மெலிந்திருந்ததே தவிர வாய் மெலியவில்லை.

"அந்த நர்ஸ் பொண்ணு தங்கம்" என்றாள் எங்களிடம். "மூச்சு விடுங்கம்மா, விடுங்கம்மான்னு சொல்லிட்டே இருந்தா. ஒரு தடவைகூடச் சத்தம் நிக்கல. நின்னிருந்தா பயத்துலயே போயிருப்பேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "பெத்ததும் பக்கத்துல இல்ல, கட்டினதும் பக்கத்துல இல்ல. நீ எங்கய்யா போயிருந்த?"

நாங்கள் யாரும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. சாப்ரியன் அண்ணன் அவள் போர்வையைச் சரி செய்தார்.

"எங்கயும் போகல. உன் பேச்சு அறுந்துடாமப் பிடிச்சிட்டிருந்தேன்" என்றார்.

பெட்ரானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மனுசனுக்கு வயசாகிவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் திரும்பினேன். ருமியானா நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது, கையை எடுக்கவில்லை. நான்தான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.